குவிடியன்: ஏஎஃப்எம் கோப்பைத் தானே திறந்து பார்க்க வேண்டிய மாணவருக்கான இலவச மென்பொருள்

இயற்பியலோடு நானோ அறிவியலையும் சேர்த்துப் படிக்கும் எம்.எஸ்சி. மாணவரின் புராஜெக்ட் அறிக்கையில் பெரும்பாலும் ஓர் ஏஎஃப்எம் (அணுவிசை நுண்ணோக்கி) படம் இருக்கும். பழுப்பு நிறத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு சதுரம், பக்கத்தில் வண்ணப் பட்டை, கீழே "சொரசொரப்பு 4.7 நானோமீட்டர்" என்று ஒரு வரி. "இந்த 4.7 எப்படி வந்தது?" என்று வைவாவில் கேட்டால் பலரும் திணறிப்போகிறார்கள். மாதிரியை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பி, கருவியை இயக்கியவர் கொடுத்த எண்ணை அப்படியே ஒட்டியிருப்பதுதான் காரணம். அந்தக் கணக்கை முதலிலிருந்து மாணவரே செய்து பார்க்க வழி தருவது குவிடியன். ஏஎஃப்எம், எஸ்டிஎம் (வருடும் ஊடுருவல் நுண்ணோக்கி) போன்ற ஊசிமுனைக் கருவிகள் தரும் உயரத் தரவை அலசுவதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள் இது.

டேவிட் நெசாஸ், பெட்ர் கிளாபெட்டெக் இருவரும் தொடங்கி, செக் குடியரசின் அளவியல் நிறுவனத்தின் ஆதரவோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. ஜிபிஎல் உரிமம், காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். சாதாரண மடிக்கணினியே போதும். இந்த மதிப்புரை பரவலாகப் புழங்கும் 2-ஆம் வரிசைப் பதிப்புகளைப் பற்றியது. மெனுக்கள் தமிழில் இல்லை என்பதால் அவற்றின் பெயர்களை ஒலிபெயர்த்தே தருகிறோம்.

மென்பொருளை நிறுவுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மாதிரியை அனுப்பும்போதே "ஜேபெக் படம் மட்டும் போதாது, கருவி சேமித்த மூலக் கோப்பும் வேண்டும்" என்று விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். புரூக்கர், பார்க், அசைலம், என்டி-எம்டிடி, நானோசர்ஃப், ஜேபிகே என்று எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் அதன் கோப்பு வடிவத்தைக் குவிடியன் அநேகமாகத் திறந்துவிடும். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை வாசிக்கிறது. இதன் மிகப் பெரிய பலமும் அதுதான்.

ஜேபெக் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அதையும் குவிடியன் திறக்கும், ஆபத்து அங்கேதான். எத்தனை மைக்ரோமீட்டர் அகலம், உயர வீச்சு எவ்வளவு என்று ஒரு பெட்டியில் கேட்கும். நீங்கள் எதையாவது நிரப்பினால், படத்தின் வெளிச்சத்தை உயரமாக எடுத்துக்கொண்டு சொரசொரப்பையும் கணக்கிட்டுத் தந்துவிடும். ஆனால் பழுப்பு வண்ணப் பட்டையின் வெளிச்சம் உயரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அதிகபட்சம் 256 படிநிலைகள்தான். அளவுக்கோடும் அதன்மேல் இருக்கும் எழுத்தும் மலைகளாகவோ குழிகளாகவோ கணக்கில் சேரும். இப்படி வந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. குவிடியன் இதைத் தடுப்பதில்லை, எச்சரிக்கை இன்னும் கடுமையாக இருந்திருக்கலாம்.

மூலக் கோப்பைத் திறந்ததும் டேட்டா பிரௌசர் சாளரத்தில் பல சேனல்கள் வரிசையாக வரும்: உயரம், கட்டம் (ஃபேஸ்), வீச்சு (ஆம்ப்ளிடியூட்), சில கோப்புகளில் போகும் திசைக்கும் திரும்பும் திசைக்கும் தனித்தனியாக. சொரசொரப்புக்கு உயரச் சேனல் மட்டுமே. அழகாகத் தெரிகிறது என்பதற்காக வீச்சுச் சேனலை எடுத்து, அதற்கு நானோமீட்டரில் சொரசொரப்பு போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சேனலின் அலகு மீட்டரா வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். மெட்டாடேட்டா பிரௌசரில் ஸ்கேன் வேகம், செட்பாயின்ட் (பின்னூட்டம் நிலைநிறுத்தும் அளவு) போன்றவை இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் செய்முறைப் பகுதிக்கு அவை தேவைப்படும்.

அடுத்தது சமன் செய்தல். மாதிரியைக் கருவியில் ஒட்டும்போது ஒரு டிகிரி சாய்ந்திருந்தால்கூட 5 மைக்ரோமீட்டர் ஸ்கேனில் ஓரத்துக்கு ஓரம் 87 நானோமீட்டர் உயர வித்தியாசம் வரும். அந்தச் சாய்வு மட்டுமே 25 நானோமீட்டர் ஆர்எம்எஸ் (விலகல்களின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம்) சொரசொரப்பாகக் கணக்கில் ஏறும் (87-ஐ √12-ஆல் வகுத்துப் பாருங்கள்). உங்கள் படலத்தின் உண்மையான சொரசொரப்பு 2 நானோமீட்டராக இருந்தால், சமன் செய்யாத கோப்பில் அது இருந்த இடமே தெரியாது. டேட்டா புராசஸ் மெனுவில் லெவல், அதில் பிளேன் லெவல். ஒரே சொடுக்கு. படிக்கட்டுபோல் தட்டையான தளங்கள் இருக்கும் மாதிரி என்றால் அதற்குப் பதிலாக ஃபேசட் லெவல். முன்னது எல்லாப் புள்ளிகளுக்கும் சராசரியாக ஒரு தளத்தைப் பொருத்துகிறது. பின்னது தட்டையான பரப்புகள் மேல்நோக்கிப் பார்க்கும்படி திருப்புகிறது. படிகள் உள்ள மாதிரிக்கு பிளேன் லெவல் போட்டால் ஒவ்வொரு தளமும் லேசாகச் சாய்ந்தே நிற்கும்.

பிறகு கரெக்ட் டேட்டாவில் அலைன் ரோஸ். ஏஎஃப்எம் படம் வரிவரியாக எடுக்கப்படுகிறது; வெப்பத்தாலும் பீசோவின் (ஊசியையோ மாதிரியையோ நகர்த்தும் பகுதியின்) நகர்வாலும் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் மேலோ கீழோ தள்ளி அமரும். அதை நேராக்கும் கருவி இது. குவிடியனில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் இதுவே என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண்ணாடித் தகட்டின்மேல் வெள்ளி நானோ துகள்கள் சிதறிக் கிடக்கின்றன என்று வையுங்கள். 50 நானோமீட்டர் உயரமுள்ள ஒரு துகள் திரள் ஒரு வரியின் பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியின் சராசரி சுமார் 5 நானோமீட்டர் ஏறும். வரிகளின் சராசரியைச் சமப்படுத்தினால், அந்த வரியில் இருக்கும் வெறும் கண்ணாடிப் பகுதி 5 நானோமீட்டர் கீழே போகும். படத்தில் துகளின் இடமும் வலமும் கறுப்பாக ஒரு பட்டை ஓடுவதைக் காணலாம். வெளியான ஆய்வுக் கட்டுரைகளிலும் இந்தக் கறுப்புப் பட்டையைப் பார்க்க முடியும். துகளைச் சுற்றிப் பள்ளம் இருக்கிறது என்று அதற்கு விளக்கம் எழுதினால் அது பொய்யான இயற்பியல்.

சரியான வழி இது. மீடியன் முறையில் ஒரு முறை அலைன் ரோஸ் ஓட்டுங்கள். வரிக்கோடுகள் பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு கிரெய்ன்ஸ் மெனுவில் மார்க் பை திரெஷோல்ட் எடுத்து, துகள்கள்மேல் மட்டும் சிவப்பு மாஸ்க் (குறித்த பகுதியைக் காட்டும் மறைப்பு) விழும்வரை உயர வரம்பை நகர்த்துங்கள். மாஸ்க் எடிட்டரில் அதை இரண்டு மூன்று பிக்சல் வளர்த்துவிடுங்கள், துகளின் சரிவும் உள்ளே வந்துவிடும். இப்போது மறுபடி அலைன் ரோஸ், இம்முறை எக்ஸ்குளூட் மாஸ்க்டு ரீஜன் தேர்வோடு. கறுப்புப் பட்டை மறைந்துவிடும். மறையவில்லை என்றால் மாஸ்க் போதவில்லை. கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பின்னால் போய் வரம்பைக் குறையுங்கள். கடைசியில், மிகத் தாழ்ந்த புள்ளியைச் சுழியாக்க ஃபிக்ஸ் ஸீரோ.

சமன் செய்யப் பொருத்தும் பல்லுறுப்புக்கோவையின் படியை ஏற்றிக்கொண்டே போவது இன்னொரு ஆசை. படி 2 வைத்தால் படம் இன்னும் தட்டையாகத் தெரியும். பெரிய ஸ்கேன்களில் பீசோக் குழாய் வில்போல் ஆடுவதால் வரும் வளைவை நீக்கப் படி 2 நியாயமானது. 3, 4, 5 என்று போனால் நீக்கப்படுவது உங்கள் படலத்தின் சொந்த அலைவுகள். ஒவ்வொரு படிக்கும் சொரசொரப்பு எண் குறையும். எண் குறைவது படலம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை. சோல்-ஜெல் முறையில் ஸ்பின் கோட் செய்த துத்தநாக ஆக்சைடு படலங்களில் 300 டிகிரியில் சூடாக்கியதையும் 500 டிகிரியில் சூடாக்கியதையும் ஒப்பிடும்போது, இரண்டுக்கும் அதே செயல்பாடுகள், அதே வரிசை, அதே அளபுருக்கள் இருந்தாக வேண்டும். ஒன்றுக்குப் படி 1, மற்றதற்குப் படி 3 என்றால் ஒப்பீடே செல்லாது.

இந்த இடத்தில்தான் குவிடியனின் ஒரு வசதியை மனமாரப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு சேனலுக்கும் அது ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. எந்தச் செயல்பாடு, எந்த அளபுருக்களோடு, எந்த வரிசையில் ஓடியது என்பதெல்லாம் அதில் இருக்கும். கோப்பைக் குவிடியனின் சொந்த வடிவத்தில் சேமித்தால் பதிவேடும் கூடவே சேமிக்கப்படும். அறிக்கையின் பின்னிணைப்பில் அதை அப்படியே சேர்க்கலாம். வைவாவில் வரும் "எப்படி வந்தது" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

சொரசொரப்பு எண்ணை ஸ்டாட்டிஸ்டிக்கல் குவான்டிட்டீஸ் கருவி தரும். அதில் எஸ்க்யூ என்பது ஆர்எம்எஸ், எஸ்ஏ என்பது சராசரி விலகல். இரண்டும் பரப்பு முழுவதற்குமானவை. ஆர்க்யூ, ஆர்ஏ என்பவை ஒற்றைக் கோட்டுக்கானவை. பரப்பிலிருந்து எடுத்த எண்ணுக்கு ஆர்ஏ என்று பெயர் போடுவது அவ்வளவு பரவலாகிவிட்டது, கைடுகளே திருத்துவதில்லை. உயரங்கள் காசியன் பரவலில் இருந்தால் எஸ்க்யூவை எஸ்ஏவால் வகுக்கும்போது 1.25 அளவில் வரும். அதைவிட வெகுவாகக் கூடினால் எங்கோ ஒரு தூசியோ, கூர்முனையோ, அழிக்காத கீறலோ எண்ணை இழுக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மாஸ்க் போட்டு விலக்கிக் கணக்கிட வசதி இருக்கிறது, விலக்கியதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். ஸ்கேன் அளவையும் எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். 1 மைக்ரோமீட்டர் சதுரத்தில் எடுத்த சொரசொரப்பையும் 10 மைக்ரோமீட்டரில் எடுத்ததையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. சின்ன ஸ்கேனில் நீண்ட அலைவுகள் கணக்குக்கே வருவதில்லை.

துகள் அளவு எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஊசிமுனையின் ஆரம் புதிதாக இருக்கும்போதே 8 முதல் 10 நானோமீட்டர் இருக்கும். துகள் கோளம், முனையும் கோளம் என்று கொண்டால், படத்தில் தெரியும் அகலம் = 4 × √(துகள் ஆரம் × முனை ஆரம்). 10 நானோமீட்டர் விட்டமுள்ள துகளை 10 நானோமீட்டர் ஆரமுள்ள முனையால் வருடினால் தெரியும் அகலம் 28 நானோமீட்டர். ஏறக்குறைய மூன்று மடங்கு! உயரம் மட்டும் 10 ஆகவே இருக்கும். எனவே தனித்தனியாகக் கிடக்கும் துகள்களின் விட்டத்தை உயரத்திலிருந்தே எடுங்கள். கிரெய்ன்ஸ் மெனுவில் டிஸ்ட்ரிபியூஷன்ஸ் போய், சமவட்ட ஆரத்துக்குப் பதிலாகத் துகளின் அதிகபட்ச உயரத்தைத் தேர்ந்தெடுத்தால் பரவல் வரைபடம் கிடைக்கும். அடிமட்டம் சுழியில் இருக்கிறதா என்று முன்னரே பாருங்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட துகள்களை எட்ஜ்-டச்சிங் என்ற கட்டளை நீக்கிவிடும். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு) படிக அளவு தரும் ஷெரர் சமன்பாடு 12 நானோமீட்டர் சொல்ல, ஏஎஃப்எம் 35 சொல்கிறது என்று குழம்பிப் போகிறவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த அகலத்தைத்தான். துகள்கள் ஒட்டித் திரண்டிருப்பது அடுத்த காரணம்.

பிக்சலையும் மறக்கக் கூடாது. 10 மைக்ரோமீட்டர் ஸ்கேனை 256 பிக்சலில் எடுத்தால் ஒரு பிக்சல் 39 நானோமீட்டர். அதில் 10 நானோமீட்டர் துகளைத் தேடுவது வீண். 1 மைக்ரோமீட்டரை 512-இல் எடுத்தால் ஒரு பிக்சல் 2 நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

முனையின் வடிவத்தையே படத்திலிருந்து ஊகிக்க டிப் மெனுவில் பிளைண்ட் எஸ்டிமேஷன் இருக்கிறது. படத்தில் உள்ள கூர்மையான சரிவுகளைக் கொண்டு, "முனை இதைவிட மழுங்கலாக இருந்திருக்க முடியாது" என்ற எல்லையைச் சொல்லும். இரைச்சல் மிகுந்த படத்தில் இதை நேரடியாக ஓட்டினால், ஒற்றைப் பிக்சல் இரைச்சலையெல்லாம் மேட்டின் முகடாக எண்ணிக்கொண்டு, நம்ப முடியாத கூர்மையில் ஒரு முனையைக் காட்டும். இரைச்சல் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, முடிவு நிலைப்படும் இடத்தில் நிறுத்துங்கள். துகள்கள் எல்லாமே ஒரே திசையைப் பார்த்த முக்கோணங்களாகவோ, ஒவ்வொன்றும் இரட்டையாகவோ தெரிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், முனை உடைந்திருக்கிறது. புதிய கான்டிலீவர் (முனையைத் தாங்கும் நுண்தண்டு) மாற்றி மறுபடி எடுக்கச் சொல்வதுதான் வழி.

மென்பொருளால் சரிசெய்ய முடியாதவை வேறும் உண்டு. மாதிரியில் அழகான சீரான அலைகள் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். நம் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு ஒரு வரி என்ற வேகத்தில், ஊசி போவதற்கு மட்டும் அரை நொடி. அதற்குள் 25 அலைகள் விழும். 5 மைக்ரோமீட்டர் ஸ்கேனில் அது 200 நானோமீட்டர் இடைவெளி கொண்ட வரிகளாகத் தெரியும். வேகத்தை நொடிக்கு இரண்டு வரியாக்கினால் இடைவெளி 400 ஆகிவிடும். உண்மையான அமைப்பு வேகத்தை மாற்றினாலும் இடம் மாறாது. குவிடியனின் 2டி எஃப்எஃப்டி ஃபில்டரிங்கில் அந்த அலைவெண் புள்ளிகளை அழிக்கலாம்தான், ஆனால் அழிக்கும்போது அதே அளவிலுள்ள உண்மையான அமைப்பும் போய்விடும். போகும் படமும் திரும்பும் படமும் இருந்தால் மல்ட்டிடேட்டா மெனுவில் அரித்மெட்டிக் எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் துகள்களின் ஓரம் அழுத்தமாகத் தெரிந்தால் ஸ்கேன் வேகமோ பின்னூட்ட அமைப்போ சரியில்லாமல் எடுத்திருக்கிறார்கள்.

கருவியே இல்லாத கல்லூரிக்கும் குவிடியன் பயன்படும் என்பதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. சிந்தெட்டிக் என்ற மெனுவில் செயற்கைப் பரப்புகளை உருவாக்கலாம். ஸ்பெக்ட்ரல் எடுத்து, ஆர்எம்எஸ் 2 நானோமீட்டர் என்று நீங்களே நிர்ணயித்து ஒரு பரப்பை உண்டாக்குங்கள். லைன் நாய்ஸ் சேர்த்து வரிகளைக் கலையுங்கள். இப்போது மேலே சொன்ன படிகளை ஒவ்வொன்றாக ஓட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் எஸ்க்யூ எவ்வளவு என்று ஒரு தாளில் குறியுங்கள். விடை 2 என்று முன்பே தெரியும் என்பதால், எந்தப் படி எண்ணைக் காப்பாற்றுகிறது, எது தின்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். தன்னொட்டுறவு நீளத்தை (மேடுபள்ளங்களின் பக்கவாட்டு அளவை) ஸ்கேன் அகலத்துக்கு நெருக்கமாக ஏற்றிவிட்டு அதே பயிற்சியைச் செய்தால், சமன் செய்வதே சொரசொரப்பைக் குறைத்துக் காட்டுவதையும் பார்க்கலாம். இரண்டு மணி நேர ஆய்வக வகுப்புக்கு இது அளவாக இருக்கும். செலவு எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. கருவிப்பெட்டி, டேட்டா பிரௌசர், ஒவ்வொரு படம் எல்லாமே தனித்தனிச் சாளரங்கள். 14 அங்குலத் திரையில் ஒன்றை ஒன்று மறைத்து, எந்தப் படத்தின்மேல் வேலை நடக்கிறது என்பதே தெரியாமல் போகும். மெனுக்கள் ஆழமானவை, பெயர்கள் அளவியல்காரர்களின் மொழியில் இருக்கின்றன. முதல் நாள் திகைப்பு நிச்சயம். பயனர் கையேடு மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு செயல்பாட்டின் கணிதத்தோடும். ஆனால் ஆங்கிலத்தில் படித்தாக வேண்டும். பிரசன்டேஷன் என்ற அடுக்கு இன்னொரு குழப்பம்: நிழலிட்டு அழகாகக் காட்டினாலும் கணக்கு அடியில் இருக்கும் தரவின்மேல்தான் நடக்கும். இதனுடன் வரும் பைத்தான் இணைப்பு பழைய பைத்தான் 2-இல் நின்றுவிட்டது. ஐம்பது கோப்புகளை ஒரே மாதிரி ஓட்ட நினைப்பவர்களுக்கு இது உண்மையான இடைஞ்சல். குவிடியனில் சேமித்த கோப்பைப் பைத்தான் 3-இல் வாசிக்கத் தனி நூலகம் இருக்கிறது. வாசித்த பிறகு சமன் செய்வதையெல்லாம் நீங்களே எழுத வேண்டும்.

மாட்ரிட்டில் பிறந்த டபிள்யூஎஸ்எக்ஸ்எம்மும் இலவசம்தான். எஸ்டிஎம் படங்களுக்கு நல்ல பெயர் பெற்றது, விண்டோஸில் மட்டும் ஓடும். காசு கொடுத்து வாங்கும் மவுன்டன்ஸ் எஸ்பிஐபி அறிக்கையைத் தானே தயாரித்துத் தரும். தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுக்கு அது பொருந்தும், மாணவரின் பைக்குப் பொருந்தாது. கருவியோடு வரும் நிறுவன மென்பொருள் வசதியானதுதான், ஆனால் சிலவற்றில் ஸ்கேன் முடிந்தவுடன் தானாகவே சமன் செய்து சேமிக்கும் அமைப்பு இருக்கும். ஆகவே கோப்பை வாங்கும்போது ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: இது ஏற்கெனவே ஃபிளாட்டன் (சமன்) செய்யப்பட்டதா, எந்தப் படியில், எந்தக் கான்டிலீவர், எந்த வேகம். எஸ்இஎம், டிஇஎம் என்ற மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்கு, படங்களை அலசும் இலவச மென்பொருளான இமேஜ்ஜே போதும். அவற்றில் உயரம் என்ற தகவலே இல்லை என்பதால் குவிடியனைத் தேட வேண்டியதில்லை.